இனம் இனத்தோடு: அட்சரகணிதத்தின் முதற்படி

எண்கணிதத்தில் நன்றாகத் தேறிவந்த பிள்ளை, ஏழாம் எட்டாம் வகுப்புகளுக்கு வந்ததும் கணக்கிலே பின்தங்கிவிடுவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். நேற்றுவரை கூட்டலும் பெருக்கலும் பிசகின்றிச் செய்த அதே பிள்ளையின் அப்பியாசக் கொப்பி, இன்று சிவப்பு மையினாற் புள்ளடி இடப்பட்டு வீடு வந்து சேர்கின்றது. "எண்ணுக்குள்ளே எழுத்து வந்துவிட்டது, இனி எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை முகம் வாடுகின்றது. "எங்கள் குடும்பத்துக்கே கணக்கு வராது, நீ என்ன செய்வாய்" என்று தாயோ தந்தையோ ஆறுதல் சொல்கின்றனர். இந்த ஆறுதலைப் போலப் பிள்ளைக்குக் கேடு செய்வது பிறிதொன்றில்லை என்பது நம் கருத்து. அடித்துச் சொல்லிக் கொடுப்பது அதற்கு அடுத்த கேடு.

நம் நாட்டில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிதம் எல்லோருக்கும் கட்டாய பாடம். வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர விரும்புவோர் மாத்திரமன்றி, சங்கீதமும் சித்திரமும் பயில விரும்புவோரும் அந்த வாயிலுக்கு வந்தே ஆதல் வேண்டும். ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதில் "எனக்கு வராது" என்று முடிவு கட்டிக்கொண்டால், அதன் பலனைப் பதினாறு வயதில் அனுபவிக்கின்றது. அந்த முடிவைக் கட்டும் இடம் எதுவென்று பார்த்தால், பெரும்பாலும் அது "சுருக்குக" என்னும் ஒற்றைச் சொல்லோடு வரும் ஒரு சிறு வினாவாகவே இருக்கும். ஆதலால் இவ்வாரம் அந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டு நேயர்களோடு சிறிது ஆராய எண்ணினோம்.

சுருக்குக: 8 − 3(ந − 2)

இவ்வினாவை ஒரு வகுப்பிலே கொடுத்தால் ஐந்து வகையான விடைகள் வரக்கூடும். ஒரு பிள்ளை எட்டிலிருந்து மூன்றை முதலிற் கழித்து ஐந்தாக்கி, 5(ந − 2) என வைத்து, 5ந − 10 என்று முடிக்கும். இன்னொன்று மூன்றை ந என்பதோடு மாத்திரம் பெருக்கி, இரண்டை அப்படியே விட்டு, 6 − 3ந என்று எழுதும். மூன்றாவது பிள்ளை இரண்டையும் பெருக்கும். ஆனாற் குறியை மறந்து 8 − 3ந − 6, அதாவது 2 − 3ந என்னும். நாலாவது பிள்ளை 14 − 3ந என்ற சரியான விடையை எழுதி அங்கே நிற்கும். ஐந்தாவது பிள்ளையும் அந்த விடையைக் கண்டுவிடும். ஆனால் விடை என்றால் ஒரே தொகையாய் இருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தினால், பதினாலிலிருந்து மூன்றைக் கழித்து 11ந என்று எழுதிக் கையில் வந்த புள்ளியை இழந்துவிடும்.

பிழைவிட்ட நால்வரும் மந்தர் அல்லர். ஒவ்வொருவரும் எங்கோ கேட்ட ஒரு விதியைப் பின்பற்றியே சென்றனர். அந்த விதி ஏன் உண்டாயிற்று என்பதை மாத்திரம் அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முகமூடி அணிந்த எண்

அட்சரம் என்றால் எழுத்து. எழுத்தைக் கொண்டு செய்யும் கணிதம் அட்சரகணிதம். தமிழகத்தார் இதனை இயற்கணிதம் என்பர். வடநூலார் பீஜகணிதம் என்றனர். பாடநூல்களில் ஆங்கில எழுத்துக்களே வழங்குகின்றன; எனினும் எந்த மொழியின் எழுத்தும் இதற்கு உதவும். நாம் இங்கே தமிழெழுத்துக்களையே எடுத்துக்கொள்வோம். 'க' என்பதைத் தவிர்த்து 'ந' என்பதை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பழைய தமிழ் எண்களில் ஒன்று என்பதன் வடிவம் க. ஏழுக்கு எ, எட்டுக்கு அ. எழுத்தும் எண்ணும் ஒரே வடிவுடையனவாயிருந்தால் கணக்குக் குழம்பும் அன்றோ?

ந என்பது நினைத்த எண். அது நாலாகவும் இருக்கலாம், நாலாயிரமாகவும் இருக்கலாம். முகமூடி அணிந்து நிற்கும் எண் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்கும். முகமூடியைக் கழற்றாமலே அந்த எண்ணோடு கணக்குச் செய்யலாம் என்பதுதான் இக்கலையின் அதிசயம்.

ஊர்க் கடையிலே கடனுக்குச் சாமான் வாங்கும் வழக்கம் நாம் யாவரும் அறிந்ததே. திங்கட்கிழமை மூன்று தேங்காயும் இரண்டு கிலோ பருப்பும் வாங்கினோம். வியாழக்கிழமை ஐந்து தேங்காயும் ஒரு கிலோ பருப்பும் வாங்கினோம். விலை இன்னும் தெரியாது. ஒரு தேங்காயின் விலையைத் தே என்றும் ஒரு கிலோ பருப்பின் விலையைப் ப என்றும் குறித்தால், கொடுக்கவேண்டிய பணம் இது:

3தே + 2ப + 5தே + ப

கடை முதலாளி இதை எப்படி எழுதுவார்? எட்டுத் தேங்காய், மூன்று கிலோ பருப்பு என்று எழுதுவார். 8தே + 3ப. இதுவே சுருக்குதல். தேங்காய்க் கணக்குத் தேங்காய்க் கணக்கோடு சேர்ந்தது. பருப்புக் கணக்குப் பருப்புக் கணக்கோடு சேர்ந்தது. இரண்டையுங் கூட்டிப் "பதினொரு தேங்காய்ப்பருப்பு" என்று அவர் எழுதமாட்டார். எழுதினால் மறுநாள் அவர் கடைக்கு ஒருவரும் போகார். ஆனால் 14 − 3ந என்பதை 11ந என்று எழுதிய பிள்ளை செய்தது அதுவே. ஒரே எழுத்தை உடைய உறுப்புகள் ஒத்த உறுப்புகள், அவை சேரும். வேறு எழுத்துடையனவும், எழுத்தே இல்லாத தனி எண்ணும் ஒவ்வா உறுப்புகள். அவை பக்கத்திற் பக்கத்தில் நிற்குமேயன்றிச் சேரா.

இங்கே ஓர் எச்சரிக்கை. தே என்பது தேங்காய் அன்று, தேங்காயின் விலை. எழுத்து எப்பொழுதும் ஓர் எண்ணைத்தான் குறிக்கும். பொருளையே எழுத்தென்று எண்ணிப் பழகிய பிள்ளை, பின்னர் தே × தே என்று வரும்போது தேங்காயைத் தேங்காயாற் பெருக்குவது எப்படி என்று திகைத்து நிற்கும். விலையை விலையாற் பெருக்குவதும் விசித்திரமானதுதான். ஆயினும் எண்ணை எண்ணாற் பெருக்குவதில் விசித்திரம் ஒன்றும் இல்லை.

அடைப்புக்குள் இருப்போர் எல்லோருக்கும் பங்கு

இனி அடைப்புக்குறிக்கு வருவோம். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். பாடசாலை தொடங்கும் நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பியும் இரண்டு பென்சிலும் வேண்டும். கொப்பியின் விலையைக் கொ என்றும் பென்சிலின் விலையைப் பெ என்றும் வைத்தால், செலவு 3(கொ + 2பெ). தாயார் கடைக்குச் சென்று மூன்று கொப்பியும் ஆறு பென்சிலும் வாங்கி வருவார். மூன்று கொப்பியும் இரண்டே பென்சிலும் வாங்கிவந்தால் வீட்டிலே யுத்தம் மூளும். 3(ந − 2) என்பதை 3ந − 2 என்று எழுதும் பிள்ளை அந்த யுத்தத்தையே மூட்டுகின்றது. அடைப்புக்கு வெளியே நிற்கும் எண், உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் பங்காதல் வேண்டும். கணிதநூலார் இதனைப் பரம்பல் விதி என்பர்.

காணியைக் கொண்டும் இதைக் காட்டலாம். 40 அடி அகலமும் 85 அடி நீளமும் உடைய ஒரு காணி. அதன் நீளத்தில் 60 அடி விட்டுக் குறுக்கே ஒரு கிடுகு வேலி அடைத்தோம். இப்போது இரண்டு துண்டுகள்: ஒன்று 40 × 60, அதாவது 2,400 சதுர அடி, மற்றது 40 × 25, அதாவது 1,000 சதுர அடி. இரண்டுஞ் சேர 3,400. வேலி இல்லாதபோதும் 40 × 85 என்பது 3,400 தான். வேலி அடைத்ததனால் நிலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிரேக்க நாட்டு யூக்கிளிட் தம் மூலநூலின் இரண்டாம் புத்தகத்து முதலாவது தேற்றமாக வைத்திருப்பது இதுவே. அவரிடம் எழுத்துக் கணக்கு இல்லை. செவ்வகத்தைக் கோடிட்டுப் பிரித்தே விதியை நிறுவினார்.

இவ்விடத்தில் மாணாக்கர் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது ஒரு விதி, அடைப்பை நீக்குவது வேறொரு விதி என்று பல கொப்பிகளில் இரண்டு தலைப்புகளின் கீழே எழுதியிருக்கக் காண்கின்றோம். உண்மையில் அவை இரண்டும் ஒன்றே. 3தே + 5தே என்பது ஏன் 8தே ஆயிற்று? இரண்டிலும் தே பொதுவாய் நிற்கின்றது, அதை வெளியே எடுத்தால் (3 + 5)தே, அதாவது 8தே. வேலியை அடைத்தால் பரம்பல்; அதே வேலியைப் பிடுங்கினாற் சேர்த்தல். முன்னே செல்லும் வழியும் திரும்பி வரும் வழியும் ஒரே ஒழுங்கையே. 14 − 3ந என்பதில் பொதுவாக வெளியே எடுக்க எழுத்து இல்லை. ஆகவே அங்கே பிடுங்குவதற்கு வேலியும் இல்லை. இந்த ஒன்று விளங்கிவிட்டால் மனப்பாடஞ் செய்யவேண்டிய விதிகள் பாதியாய்க் குறையும். இவ்விதிக்கு இன்றைய ஆங்கிலப் பெயருக்கு மூலமான சொல்லை 1814ஆம் ஆண்டில் வழங்கியவர் பிரான்சு நாட்டுச் சேர்வுவா என்பவர். விதி மிகப் பழையது. பெயர் மாத்திரம் அண்மையது.

நிறங்களாற் கணித்தோர்

எழுத்துக்குப் பதிலாக நிறங்களைக் கொண்டு இக்கணக்கைச் செய்தவர்கள் பாரத நாட்டுக் கணிதர். அறியாத எண் ஒன்றாயின் அதனை 'யாவத்தாவத்' என்பர். எவ்வளவோ அவ்வளவு என்பது பொருள். அறியாத எண்கள் பலவாயின் அடுத்தடுத்துக் காலகம், நீலகம், பீதகம், லோகிதகம் என்று பெயரிடுவர். கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்பனவே அவை. பீதாம்பரம் என்னுஞ் சொல்லை அறிந்த நேயர்களுக்குப் பீதகம் மஞ்சள் என்பது புதிதன்று. எழுதும்போது அப்பெயர்களின் முதலெழுத்தை மாத்திரம் எழுதினர்: யா, கா, நீ, பீ, லோ. எழுத்தில்லாத தனி எண்ணுக்கு ரூபம் என்று பெயர். அதற்கு அடையாளம் ரூ. தேங்காய்க்குத் தே என்று நாம் எழுதியதும் இதே முறைதான்.

1114இற் பிறந்து 1150ஆம் ஆண்டளவிற் பீஜகணிதம் என்னும் நூலை இயற்றிய பாஸ்கராசாரியர், நிறங்களைக் கூட்டும் முறையைத் தெளிவாக விதித்திருக்கின்றார். ஒரே இனத்தனவாயின் சேர்த்துக் கூட்டுக, அல்லது கழிக்க. வெவ்வேறு இனத்தனவாயின் தனித்தனியே வைக்க என்பது அவர் விதியின் கருத்து. எட்டாம் வகுப்பிலே இன்று கற்பிப்பதும் இதுதான். நிறங்களை எண்ணுக்குப் பெயராய் வைத்ததிலே ஒரு நயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. நீலத்தையும் மஞ்சளையும் கூட்டி ஒரு தொகையாக எழுதக்கூடாது என்பது சிறு பிள்ளைக்கும் கண்ணாலே தெரிந்துவிடும்.

அந்நூலில் ஒரு குதிரைக் கணக்கு உண்டு. ஒருவனிடம் 300 நாணயமும் ஆறு குதிரைகளும் உள்ளன. மற்றொருவனிடம் அதே விலையுடைய பத்துக் குதிரைகள் உள்ளன. ஆனால் அவனுக்கு 100 நாணயம் கடன். இருவருஞ் சம செல்வர். குதிரையின் விலை யாது? குதிரையின் விலையைக் கு என்று வைத்தால்:

6கு + 300 = 10கு − 100

குதிரைகளை ஒரு பக்கமும் நாணயங்களை மறு பக்கமும் சேர்த்தால், நாலு குதிரைகளின் விலை 400. ஒரு குதிரை 100 நாணயம். முதல்வன் செல்வம் 600 உடன் 300 சேர 900. மற்றவன் செல்வம் 1,000இல் 100 போக 900. சம செல்வரே.

கடனை இங்கே கழித்தற்குறியாகக் கொண்டதைக் கவனிக்க. பாஸ்கரருக்கு ஐந்து நூற்றாண்டுகளின் முன், 628ஆம் ஆண்டிற் பிரமகுப்தர் எழுதிய நூலிலேயே தனமும் கடனும் என்று இருவகை எண்களைப் பிரித்து, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி கூறப்பட்டிருக்கின்றது. கடனைக் கடனாற் பெருக்கினால் தனம் என்பதும் அங்கே உண்டு.

பக்தாத்து நகரத்து நூல்

பாரத நாட்டிலிருந்து மேற்கே செல்வோம். கி.பி. 813 முதல் 833 வரை அல்-மாமூன் என்னும் கலீபா அரசு செய்த காலத்தில், பக்தாத்து நகரிலே அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞர் ஒரு நூலை இயற்றினார். அதன் பெயரில் அல்-ஜபர், அல்-முகாபலா என்னும் இரு சொற்கள் வரும். முதற் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இக்கலைக்குப் பெயராயிற்று. நூலாசிரியரின் பெயர் திரிந்து 'அல்கோரிதம்' என்னுஞ் சொல்லாகி, இன்று கணினி பயிலும் மாணாக்கர் வாயிலும் வழங்குகின்றது.

இந்நூல் பண்டிதர் விளையாட்டுக்காக எழுந்ததன்று. அதன் பெரும்பகுதி வாரிசுகளுக்குச் சொத்துப் பிரிக்கும் கணக்கு. இறந்தவரின் கடன், மரணசாசனத்தில் விட்ட பங்கு, மனைவி பங்கு, மக்கள் பங்கு எல்லாவற்றையும் பார்த்து நியாயமாகப் பிரித்தல் வேண்டும். ஓர் உறுப்பை விட்டுவிட்டால் ஒரு பிள்ளையின் பங்கு போயிற்று. பரம்பல் விதியைப் பிழைவிடுவது அங்கே புள்ளிக் குறைவு அன்று, வழக்கு.

அவர் செய்துகாட்டிய கணக்கொன்றைக் காண்போம். பத்தை இரண்டு பங்காக்குக. ஒரு பங்கைத் தன்னாலேயே பெருக்கினால் வருவது, இரு பங்குகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதைப்போல நாலு மடங்கு. பங்குகள் யாவை? ஒரு பங்கு ந என்க. மற்றது 10 − ந. ஆகவே,

ந² = 4ந(10 − ந)

வலப்பக்கத்தில் 4ந அடைப்புக்குள் இருக்கும் இருவருக்கும் பங்காகின்றது: 40ந − 4ந². இப்போது ந² = 40ந − 4ந². வலப்பக்கத்தே குறைபட்டு நிற்கும் 4ந² என்பதை இரு பக்கமுங் கூட்டி அக்குறையை நிரப்புதலே அல்-ஜபர். இடப்பக்கத்தில் ந²உம் 4ந²உம் ஓரினம். சேர்ந்து 5ந² ஆகும். எனவே 5ந² = 40ந; ந² = 8ந; ந = 8. பங்குகள் 8உம் 2உம். எட்டெட்டு 64, எட்டிரண்டு 16, அதன் நாலு மடங்கு 64. இவ்வளவையும் அவர் கூட்டற்குறியோ சமக்குறியோ ஓரெழுத்தோ இன்றி முழுவதும் வசனமாகவே எழுதினார் என்பதை எண்ணும்போது, நம் மாணாக்கர் எவ்வளவு பாக்கியசாலிகள் என்று தோன்றுகின்றது. சமக்குறியை ரொபர்ட் ரெக்கோட் என்னும் வைத்தியர் 1557ஆம் ஆண்டில் அச்சிட்ட நூலிலேதான் முதன்முதல் வழங்கினார்.

ஜபர் என்னுஞ் சொல்லுக்கு முறிந்ததைப் பொருத்துதல் என்ற பொருளும் உண்டு. பழைய ஸ்பானிய மொழியில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்றால் கணிதப் புலவர் மாத்திரம் அல்லர்; நம் ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியர் என்போமே, அவரும் அப்பெயருக்கு உரியவர். செர்வாந்தே எழுதிய டொன் குயிக்சோட் கதையிலும் இப்படி ஒரு வைத்தியர் வருகின்றார்.

கழித்தற்குறியின் தொல்லை

மூன்றாவது பிள்ளையை நாம் இன்னும் கவனிக்கவில்லை. 8 − 3(ந − 2) என்பதிலே 6 கழித்தலாகாமற் கூட்டலாவது ஏன்? "அடைப்புக்கு முன் கழித்தல் வந்தால் உள்ளே குறி மாறும்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் காரணமின்றி மாறும் குறி, பரீட்சை மண்டபத்திலே காரணமின்றி மறந்தும் போகும்.

ஒரு தாயார் 1,000 ரூபா கொண்டு கடைக்குச் செல்கின்றார். சட்டையின் விலை 800 ரூபா. கழிவு 100 ரூபா. மிச்சம் எவ்வளவு? 1,000 − (800 − 100). கொடுத்தது 700, மிச்சம் 300. இதை அடைப்பு நீக்கி எழுதினால் 1,000 − 800 + 100. முதலில் முழுவிலையுங் கழித்துவிட்டோம், அது கூடிப்போயிற்று, ஆகையால் அந்த 100 ரூபாவைத் திருப்பிக் கொடுக்கின்றோம். குறியை மாற்ற மறந்து 1,000 − 800 − 100 என்று எழுதினால் மிச்சம் 100. கழிவு கிடைத்தும் 200 ரூபா நட்டம்! கழிக்கவேண்டிய தொகையிலே ஒரு குறைவு இருந்தால், அந்தக் குறைவு நமக்கு வரவு.

கழித்தலைக் கழித்தலாற் பெருக்கினாற் கூட்டல் என்பதையும் பரம்பல் விதியே நம்மை ஏற்கச் செய்கின்றது. 5உம் கழித்தல் 5உம் சேர்ந்தால் பூச்சியம். பூச்சியத்தைக் கழித்தல் 3ஆற் பெருக்கினாலும் பூச்சியமே. அடைப்புக்குள் உள்ள இருவருக்கும் பங்கிட்டால் முதலாவது பெருக்கம் கழித்தல் 15. இரண்டாவது பெருக்கம் அதனோடு சேர்ந்து பூச்சியமாதல் வேண்டும். அப்படியாயின் அது கூட்டல் 15 ஆகாமல் வேறென்னவாகும்? பிரமகுப்தரின் விதி ஒருவர் கட்டளை அன்று என்பது இதனால் விளங்கும்.

இந்த விதியைப் பாட்டைப்போல உருப்போட்ட பிள்ளைகள் இன்னொரு குழியிலும் விழுவதுண்டு. −3ந − 5ந என்பதைக் கண்டதும், "இரண்டு கழித்தல் சேர்ந்தாற் கூட்டல்" என்று +8ந என எழுதிவிடுவர். மூன்று ரூபாக் கடனும் ஐந்து ரூபாக் கடனும் சேர்ந்தால் எட்டு ரூபாச் செல்வமா? அப்படியாயின் கடன்படாதவர் உலகில் இரார். பெருக்குவதற்குரிய விதியைக் கூட்டுவதற்கு எடுத்ததே அங்குள்ள பிழை. ந + ந என்பது 2ந. ந × ந என்பது ந². வேலியின் நீளத்துக்கும் காணியின் பரப்புக்கும் உள்ள வேறுபாடு இவற்றிடையே உண்டு. ஆதலின் ந, ந² இரண்டும் ஒரே எழுத்தாயினும் ஓரினம் அல்ல.

சரியோ பிழையோ என்று அறிதல்

விடை சரியோ என்பதை அறிய உபாத்தியாயரின் சிவப்பு மைக்குக் காத்திருத்தல் வேண்டியதில்லை. சுருக்கியபின்னும் கோவையின் பெறுமானம் மாறக்கூடாது. சொல் குறைந்ததேயன்றிப் பொருள் குறையவில்லை. ஆகவே முகமூடியைக் கழற்றி ஓர் எண்ணை இட்டுப் பார்த்தாற் போதும். ந என்பது 4 ஆயின், 8 − 3(ந − 2) என்பது 8 − 6, அதாவது 2. ஐவரின் விடைகளிலும் 4ஐ இடுக. முறையே 10, கழித்தல் 6, கழித்தல் 10, 2, 44 என வரும். நாலாவது பிள்ளையே சரி.

ஆனால் எந்த எண்ணை இடுவது என்பதிலும் விவேகம் வேண்டும். 3ஐ இட்டுப் பாருங்கள். கோவையின் பெறுமானம் 5; முதலாவது பிள்ளையின் 5ந − 10 என்ற பிழையான விடையும் 5! ஓரிடத்திலே தற்செயலாய் ஒத்துப்போயிற்று. இப்படித்தான் 3ந + 4 என்பதை 7ந என்று எழுதியவர் 1ஐ இட்டுப் பார்த்தால், இரண்டும் 7 ஆகிப் பிழை மறைந்துவிடும். ஆகையினாலே இரண்டு வேறு எண்களை இட்டுச் சோதித்தல் நன்று. ந² போன்றவை இல்லாமல் ந என்பது தனியே நிற்கும் கோவைகளில், இரண்டு எண்களுக்கு ஒத்துவந்தால் எல்லா எண்களுக்கும் ஒத்துவரும் என்பது உறுதி. இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டை நிச்சயிப்பது போன்றது அது.

கணிதம் மறந்துபோன பெற்றோரும் இந்தச் சோதனையைச் செய்விக்கலாம். "ந என்பதை நாலாக வைத்து இரண்டையும் பார்" என்று சொல்வதற்கு அட்சரகணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிழையைப் பிள்ளை தானே கண்டால் அதன் முகம் வாடாது.

இராச்சாப்பாட்டின்பின் விளையாடத்தக்க ஒரு வேடிக்கையும் உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஓர் எண்ணை நினைக்க. அதனோடு 5 கூட்டுக. வந்ததை 4ஆற் பெருக்குக. 8ஐக் கழிக்க. 4ஆற் பிரிக்க. நினைத்த எண்ணைக் கழிக்க. பாட்டியார் நினைத்த எண் எதுவாயினும், தம்பி நினைத்த எண் எதுவாயினும், எல்லோருக்கும் விடை 3. மந்திரம் ஒன்றும் இல்லை. ந + 5. பின்பு 4ந + 20. பின்பு 4ந + 12. பின்பு ந + 3. கடைசியில் ந-ஐக் கழித்தால் 3. பெருக்கலைப் போலவே பிரித்தலும் இருவருக்கும் பங்காயிற்று என்பதைக் கவனிக்க. இந்த வேடிக்கையை ஒருமுறை கண்ட பிள்ளை, தானே புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கும். அப்போது அதற்குத் தெரியாமலே பத்துக் கோவைகளைச் சுருக்கியிருக்கும்.

மாணாக்க நேயர்களுக்கு ஒரு கணக்கை விட்டுச் செல்கின்றோம். சுருக்குக:

5(ந + 4) − 2(2ந − 3) − 26

இதன் விடையை நாம் இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரேயோர் எழுத்து என்பதை மாத்திரம் சொல்லி வைக்கின்றோம். கண்டபின், 4ஐயும் 7ஐயும் இட்டுச் சோதித்துக்கொள்க.